அரைச் செங்கல் போட்ட பக்கெட்

எங்க தெருவுல ஆளுங்களைப் பேரைச் சொல்லி விசாரிக்க மாட்டாங்க. பக்கெட் கலரைச் சொல்லித்தான் விசாரிப்பாங்க. பச்சைக்கு ஜுரமாமே, நீலத்தோட பொண்ணு பாஸாயிட்டாளா, மஞ்சள் ஊருக்குப் போயிட்டு வந்துட்டாங்களா, இப்படித்தான். என் பொண்டாட்டி சிவப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு பேர் இருந்துச்சு, பத்திரிகையில கூட அச்சடிச்சோம். இப்போ அது ரேஷன் கார்டுல மட்டும் இருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் தண்ணி லாரி. திருவொற்றியூர்ல எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி உள்ள போற தெரு எங்களுது. ரோட்டைத் தாண்டினா கடல். அந்தக் காலத்துல தெருவுல ஒரு அடி பம்பு இருந்துச்சு. அது உப்பாப் போனதுக்கப்புறம் லாரிதான் கதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், எப்ப வரும்னு லாரிக்கே தெரியாது. அதுவரைக்கும் யாரு வரிசையில நிக்குறது? குடத்தை வச்சுட்டுப் போனா கடல் காத்து அதை உருட்டிக்கினு போய் யார் வூட்டு வாசல்லயோ விட்டுடும். அதனால வரிசைக்கு பக்கெட், தண்ணிக்குக் குடம். பக்கெட்டுக்குள்ள ஒரு அரைச் செங்கல். செங்கல் போட்ட பக்கெட் இருந்தா அங்க ஆள் நிக்குதுன்னு அர்த்தம். அடுத்தவங்க பக்கெட்டை ஒரு சாண் நகர்த்தினாக்கூட பரம்பரைப் பகை ஆயிடும். நாய் தட்டி விட்டிருந்தா, பாத்தவங்க அதை நிமிர்த்தி அதே இடத்துல வச்சுட்டுத்தான் போவணும். இவ்ளோ ஒழுங்கு சட்டசபையில இருக்குதான்னு நான் போய்ப் பாத்ததில்ல.

எனக்கு வேலை ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல, டாலி கிளார்க்கு. எந்தப் பெட்டி உள்ள வந்துச்சு, எந்தப் பெட்டி வெளிய போச்சுன்னு சரிபாக்குறது. பொழுதெல்லாம் டிரைலர் வரிசையைப் பாத்துட்டு வூட்டுக்கு வந்தா, இங்க பக்கெட் வரிசை. ஆண்டவன் என் தலையில வரிசைன்னு எழுதிட்டு அப்புறம்தான் மத்ததை எழுதியிருக்கான்.

கட்சின்னு பாத்தா நாங்க பரம்பரையா ஒரே கட்சி. பெரிய கட்சி. எங்கப்பா செத்தப்போ கட்சிக் கொடியைப் போத்தித்தான் தூக்கினோம். அதனால யாருக்கு ஓட்டுப் போடுறதுன்னு நான் யோசிச்சதே கிடையாது. எந்தக் கையால சாப்பிடுறதுன்னு யாராவது யோசிப்பாங்களா? போன தேர்தலுக்கு முன்னாடி கட்சிக்காரங்க வூட்டு வாசலுக்கு வாசல் குழாய் போட்டுக் குடுத்தாங்க. தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டி, போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. தண்ணி மட்டும் வரல. தெருமுனையில ஒரு வால்வு குழி இருக்கு, அதைத் தொறந்தாத்தான் தண்ணி. அந்தக் குழி மேல எப்பவும் ஒரு டிரைலர் நிக்கும். கேட்டா, டிரைலர் நிக்குது எப்படித் தொறக்குறதும்பாங்க குடிநீர் ஆபீஸ்காரங்க. டிரைவரைக் கேட்டா, ஹார்பருக்குள்ள விடல எப்படி நகர்த்துறதும்பான். கொஞ்ச நாள்ல ஜனங்க குழாயை வேற வேலைக்கு எடுத்துக்கினாங்க. எதிர் வூட்ல ஆட்டைக் கட்டினாங்க. நான் குடையை மாட்டினேன்.

இதுக்கு நடுவுல என் பொண்டாட்டிக்கு வலது தோள்பட்டை போச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, இனிமே கனம் தூக்கவே கூடாதும்மான்னுட்டார். அப்போ தண்ணி தானா நடந்து வருமா சார்னு இவ கேட்டா. டாக்டர் சிரிச்சார். இவ சிரிக்கல. நான் வூட்ல இருந்தா நான் தூக்குவேன். ஷிப்டுல மாட்டிக்கினா அவதான் இடது கையால இழுத்து இழுத்துக் கொண்டாருவா, பாதி வாசல்லயே கொட்டிடும். ஷிப்டு முடிஞ்சு வந்து அதைப் பாக்குறப்போ யாரைத் திட்டுறதுன்னு தெரியாம அவளையே திட்டுவேன்.

அப்பத்தான் அந்தச் சின்னக் கட்சி வந்துச்சு. பேரைச் சொன்னா, இப்படி ஒண்ணு கீதான்னு கேப்பீங்க. மொத்தக் கட்சியும் ஒரு ஷேர் ஆட்டோவுல ஏறினாலும் டிரைவர் பக்கத்துல சீட்டு மிச்சம் இருக்கும். பக்கத்து கம்பெனிக்காரன் விடுற புகை நாத்தத்தைப் பத்தி விசாரிக்க வந்தவங்க, இவ குழாயைப் பத்திப் பேசினதை ஒரு மணி நேரம் ஒக்காந்து கேட்டாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அவ பேச்சை அவ்ளோ நேரம் சேர்ந்தாப்பல கேட்டதில்ல. போறப்போ, கவுன்சிலருக்கு நீங்களே நில்லுங்களேம்மான்னு சொன்னாங்க. இவ சரின்னு தலையை ஆட்டிட்டா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். இன்னா வெளையாட்டா? ஓட்டைப் பிரிக்கிற வேலை இது, கடல்ல பெருங்காயம் கரைச்ச கதைதான், நாளைக்கு நான் யார்டுல எந்த மூஞ்சியை வச்சுக்கினு போறதுன்னு கத்தினேன். அதுக்கும் மேல ஒரு பேஜாரு. பெரிய கட்சி சார்பா எங்க வார்டுல நிக்குறவன் என் தோஸ்து. இதே தெருவுல பொறந்து, என்கூட கேரம் ஆடி, எங்க கல்யாணத்துல பந்தியில சாம்பார் வாளி தூக்கினவன். பம்பு உப்பாப் போறதுக்கு முன்னாடியே டோல்கேட் பக்கம் பிளாட் வாங்கிக்கினு போயிட்டான். அங்க போர் தண்ணி, குடிக்க கேன் தண்ணி. என் பொண்டாட்டி அவனுக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி.

நான் கத்தி முடிக்கிற வரைக்கும் அவ அரிசி களைஞ்சுக்கினு இருந்தா. அப்புறம் சொன்னா:

"இத்தினி வருஷமா பெரிய கட்சிக்குத்தானேயா போட்ட? குழாய்ல இன்னா தொங்குது? உன் குடைதானே?"

நான் குடையை எடுத்துக்கினு டீக்கடைக்குப் போயிட்டேன். மழை கூட இல்ல.

சின்னம் ஒதுக்குற அன்னிக்கு இவ ஆட்டோ கேட்டா, ஆட்டோ கிடைக்கல. வாளி கிடைச்சுது. தெருவே சிரிச்சுது, எல்லாரையும் விட நான் ஜாஸ்தி சிரிச்சேன். பொறந்ததுலேர்ந்து தூக்கினதையே சின்னமாவும் தூக்கு, உன் ராசி அப்படின்னு கிண்டல் பண்ணேன். ராத்திரி சாப்பாட்டுல உப்பே இல்ல. கேக்குற தைரியமும் எனக்கு இல்ல.

அடுத்த வாரம் என் தோஸ்து ஓட்டு கேக்க வந்தான். தொறந்த ஜீப்பு, முன்னாடி தாரை தப்பட்டை, வண்ணாரப்பேட்டையில எடுத்த புது வேட்டி. ஜீப்பு எங்க தெருவுக்குள்ள திரும்புச்சு. அந்த வாரம்னு பாத்து லாரி ரொம்ப இழுத்தடிச்சுக்கினு இருந்துச்சு, அதனால ஒரு வூடு பாக்கியில்லாம எல்லார் பக்கெட்டும் பகல் ராத்திரி வெளியவேதான் கிடந்துச்சு. வரிசை வாசல் வாசலா நீண்டு, தெருவோட ரெண்டு பக்கமும் பச்சை, நீலம், மஞ்சள், ரோஸ், எங்களுது சிவப்பு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் வர்றவனுக்கு இந்தத் தண்ணி வரிசை எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாசலுக்கு வாசல் எதிராளியோட சின்னம். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்னு போச்சு. தப்பட்டை அடிக்கிறவன் மட்டும் ஒண்ணும் புரியாம அடிச்சுக்கினே இருந்தான்.

இதுல பெரிய கூத்து, அவனோட கட்சிக் கிளைச் செயலாளர் வூடும் எங்க தெருவுலதான். அவர் வாசல்ல இருந்தது சாதா பக்கெட் இல்ல, காலி பெயிண்டு பக்கெட், தெருவுலயே பெருசு. ஜீப்பை நிறுத்தி, உன் வூட்லயுமாடான்னு கேட்டான் என் தோஸ்து. அவர் பாவம், அண்ணே அது தண்ணிக்குண்ணேன்னு கெஞ்சினார். எவன் நம்புவான்? கட்சியில முப்பது வருஷம் இருந்தவனுக்குக் கூட இருக்குறவன் உண்மை பேசுவான்னு எப்படித் தோணும்?

மறுநாள் என் தோஸ்து என்னைத் தனியா டீக்கடைக்குக் கூப்பிட்டான். கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. தூங்கலையாம். தங்கச்சி நிக்குறது தப்பில்ல, ஆனா தெருவே ஒண்ணு சேர்ந்துக்கினு நமக்கு இப்படிப் பண்ணலாமான்னு பொலம்பினான். அப்புறம் என் கையைப் புடிச்சுக்கினான்.

"மாமு, நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்ட. அந்த பக்கெட்டெல்லாம் இன்னாத்துக்குடா?"

பாருங்க, ஒரே ஒரு வார்த்தை. தண்ணிக்குடான்னு நான் சொன்னா அவன் நம்பியிருப்பான். நாலு கழுதை வயசு சிநேகம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்போ என் கண்ணுக்கு முன்னாடி இவ இடது கையால குடத்தை இழுத்துக்கினு வர்றது தெரிஞ்சுது. நான் டீயை ஊதினேன்.

"நீதான் நேர்ல பாத்தியே மாமு"ன்னேன்.

பொய்யா சொன்னேன்? ஒரு எழுத்து பொய் கிடையாது.

வூட்டுக்கு வந்தா, கிளைச் செயலாளர் எங்க வாசல்ல ஒக்காந்து இவகிட்ட கண்ணைக் கசக்கிக்கினு இருக்கார். தங்கச்சி, நீயாவது அண்ணன்கிட்ட சொல்லுமா, அது தண்ணி பக்கெட்டுதான்னு. இவ சிரிச்ச சிரிப்புல தோள்பட்டையைப் புடிச்சுக்கினு ஒக்காந்துட்டா. அந்தச் சிரிப்பு அப்படியே தெருவுல வூடு வூடாப் போச்சு. மறுநாள் காலையில பாக்குறேன், தெருவுல பக்கெட் ரெண்டு மடங்கா ஆயிருக்கு. மாடியில குடியிருக்குறவங்க கைப்பிடிச் சுவர் மேல வச்சிருக்காங்க. பம்பாய் போன பையனோட பழைய பக்கெட்டைப் பரண்லேர்ந்து எறக்கியிருக்கு நீலம். எல்லாத்துலயும் மறக்காம அரைச் செங்கல்.

புகார் போய், தேர்தல் அதிகாரி ஒருத்தர் வந்தார். இப்படி வாசல்ல சின்னத்தை வச்சு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னார். பச்சை முன்னாடி வந்து, தண்ணி லாரிக்கு பக்கெட் வைக்காம பல்லக்கா சார் வைக்கிறதுன்னு கேட்டா. அவர் குனிஞ்சு ஒரு பக்கெட்டுக்குள்ள பாத்தார். செங்கல்லைப் பாத்தார். எழுதுறதுக்கு எடுத்த பேனாவைத் திரும்ப பாக்கெட்ல போட்டுக்கினு போயிட்டார்.

என் தோஸ்து மேல சொல்லி, ரெண்டாம் நாள் போலீஸ் வந்து தெருமுனை டிரைலருங்களை விரட்டுச்சு. எங்கயும் நகர முடியாதுன்னு சத்தியம் பண்ணின லாரிங்களெல்லாம் அரை மணி நேரத்துல காணோம். ஆளுங்க வந்து குழிக்குள்ள எறங்கினாங்க. தேர்தல் நேரத்துல புது வேலை செய்யக் கூடாதேன்னு யாரோ கேட்டதுக்கு, புது வேலை இல்லீங்க, பழைய மூடியைத் தொறக்குறோம்னு பதில் வந்துச்சாம். கொஞ்ச நேரத்துல எங்க குழாய் இருமுச்சு. முதல்ல காத்து, அப்புறம் துரு, அப்புறம் ஒரு பல்லி, அதுக்கப்புறம் தண்ணி. என் குடை தொப்பலா நனைஞ்சு போச்சு. எதிர் வூட்டு ஆடு கயிறை அறுத்துக்கினு ஓடிடுச்சு. சனங்க தெருவுல நின்னு ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணியை வாரி எறைச்சாங்க, பொம்பளைங்க கண்ணுல தண்ணி வர வர சிரிச்சாங்க.

சாயங்காலம் ஒவ்வொருத்தரா பக்கெட்டை உள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க. செங்கல்லை மட்டும் வாசல்ல கொட்டிட்டு. இவ நோட்டீஸ் குடுத்துட்டு வந்தவ, தெருமுனையில நின்னு பாத்தா. ரெண்டு பக்கமும் காலி. தண்ணி வந்துச்சுல்ல, அதுக்குத்தானே நின்னேன்னு என்கிட்ட சொன்னா. சொல்லிட்டு உள்ள போய் செவுத்தைப் பாத்துப் படுத்துக்கினா. எனக்குப் பொறுக்கல. இத்தினி நாளா இவ தோத்துத் தொலைஞ்சா நிம்மதின்னு இருந்தவன், அன்னிக்குத்தான் அய்யோ இவ ஜெயிக்கக் கூடாதான்னு நெனைச்சேன்.

தெருவுல அப்புறம் பேச்சே அதுதான். தண்ணி விட்டவனுக்குப் போடலன்னா நாளைக்கு மூடிடுவான்னு பாதிப் பேரு. போட்டாலும் ஜெயிச்சப்புறம் மூடுவான்னு மீதிப் பேரு. சின்னக் கட்சிக்குப் போடுறது குப்பைத் தொட்டியில போடுறதுதான்னு கிளைச் செயலாளர் வூடு வூடாப் போய்ச் சொன்னார். யாருக்கும் ஒரு முடிவு வரல. கடைசியில பச்சைதான் வாசல்ல துணி துவைச்சுக்கினே கேட்டா:

"தண்ணி குடுத்தவனுக்குப் போடறதா, குடுக்க வச்சவளுக்குப் போடறதா?"

எல்லாரும் துவைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கினு நின்னாங்க.

ஓட்டுப் போடுற அன்னிக்கு இவ என்கிட்ட ஒண்ணும் கேக்கல. தலை வாரிவிட மட்டும் சொன்னா, கை மேல போகாதே. வாரி விட்டேன். பள்ளிக்கூடத்துல மிஷினுக்கு முன்னாடி நின்னப்போ என் விரல் பழக்கத்துல தானா ஒரு பக்கம் போச்சு. அப்புறம் எங்க போச்சுன்னு சொல்ல மாட்டேன், ரகசிய வாக்கெடுப்பு. அன்னிக்கு சாயங்காலம் எங்கப்பா போட்டோவுக்கு விளக்கேத்துறப்போ நேருக்கு நேரா பாக்க முடியல, தலையைக் குனிஞ்சுக்கினு ஏத்தினேன். அவ்ளோதான் சொல்வேன்.

இவ தோத்துட்டா. மூணாவது இடம், டெபாசிட்டும் காலி. வார்டு முழுக்க என் தோஸ்துதான். ஆனா எங்க தெரு ஓட்டுப் போட்ட மிஷின்ல மட்டும் வாளி முதல்ல வந்துச்சு. எண்ணுற எடத்துல அதைப் பாத்ததும் அவன் மாலையைக் கழட்டிட்டுத் தண்ணி கேட்டானாம், கிளைச் செயலாளர்தான் வந்து சொன்னார்.

ஊர்வலம் எங்க தெருவுக்கும் வந்துச்சு. அவன் ஜீப்பை விட்டு எறங்கி எங்க வாசலுக்கு வந்தான். நல்ல மனுஷன், அதை நான் மறைக்கல. இவ குழாயைத் தொறந்து ஒரு சொம்பு தண்ணி பிடிச்சுக் குடுத்தா. குடிச்சுட்டு வாயைத் தொடைச்சுக்கினே சொன்னான்: "பாத்தியா தங்கச்சி, சின்னக் கட்சிக்குப் போடற ஓட்டு வேஸ்ட்டு. ஒண்ணும் ஆவாது." இவ சரிதாண்ணேன்னு சொல்லிட்டு இன்னொரு சொம்பு பிடிச்சா. எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வர வேண்டியதாப் போச்சு.

நல்லாத்தான் ஓடுச்சு கொஞ்ச நாள். வெயில் காலம் வந்துச்சு, தெருமுனையில டிரைலருங்க மெல்ல மெல்லத் திரும்ப வந்து நின்னுதுங்க. ஒரு நாள் காலையில குழாய் ரெண்டு சொட்டு விட்டுட்டு நின்னு போச்சு. மறுநாளும் இல்ல. என் தோஸ்துக்கு போன் போட்டேன், மீட்டிங்ல கீறேன் மாமுன்னு வச்சுட்டான். திரும்பப் போட்டேன், அதே மீட்டிங்கு. லாரியும் நின்னு போயிருந்துச்சு, குழாய் வந்த தெருவுக்கு லாரி கிடையாதாம். இவ இடது கையால பக்கத்துத் தெருவுலேர்ந்து ஒரு குடம் இழுத்துக்கினு வந்தா. அதை எறக்கி வச்சுட்டு, கொல்லைப் பக்கம் போய் சிவப்பு பக்கெட்டை எடுத்தா. வாசல்ல கிடந்த அரைச் செங்கல்லை அதுல போட்டா. தெருவுல கொண்டு போய் வச்சா.

காலி பக்கெட்டுக்கு என்ன கனம் இருக்கும்? தோள்பட்டை கூட வலிச்சிருக்காது. பச்சை எட்டிப் பாத்தா. ஒரு நிமிஷத்துல பச்சை வந்துச்சு. அப்புறம் நீலம், மஞ்சள், ரோஸ். மத்தியானத்துக்குள்ள கிளைச் செயலாளரோட பெயிண்டு பக்கெட் கூட வந்துச்சு, அவர் வூட்லயும் தண்ணி இல்லியே.

மூணு மணிக்கு என் போன் அடிச்சுது. மீட்டிங்கு முடிஞ்சு போச்சு போல.

"மாமு, இன்னாடா உங்க தெருவுல மறுபடியும்? இப்போ எலெக்‌ஷனே இல்லியே. தங்கச்சி அடுத்து இன்னாத்துக்கு நிக்கப் போறா?"

இந்த தரம் நான் உண்மையைச் சொல்லிட்டேன். எங்கப்பா மேல சத்தியமா, அது தண்ணிக்குத்தான்டா, குழாய் வரல, அதனால பக்கெட் வச்சிருக்காங்க, வேற ஒண்ணும் இல்லன்னேன்.

"நீயுமாடா மாமு என்கிட்ட பொய் சொல்ற?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டான்.

பொழுது சாயறதுக்குள்ள டிரைலருங்க காணாமப் போச்சு. குழாய் இருமுச்சு. இவ வலது கையைக் குழாய்க்கு அடியில நீட்டிக்கினு நின்னா, தண்ணி தோள்பட்டை வரைக்கும் தெறிச்சுது, அந்த மூஞ்சியில அப்படி ஒரு குளிர்ச்சியை நான் கல்யாணத்தன்னிக்குக் கூடப் பாத்ததில்ல. தெருவுல எல்லாரும் பக்கெட்டை எடுக்க வெளிய வந்தாங்க. நம்மளுதையும் உள்ள எடுத்து வச்சுடவான்னு கேட்டேன்.

"இருக்கட்டும்யா"ன்னா. "அண்ணன் அஞ்சு வருஷம் இருப்பாருல்ல? அதுவும் இருக்கட்டும்."